மேட்டூர் நிரம்பியும் கண்மாய் காய்வது ஏன்? வறட்சிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூலை மாதத் தொடக்கத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 40 அடியை ஒட்டி இருந்தது. அதே மாதம் 30ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டு நிரம்பியது. தொலைக்காட்சியில் பதினாறு கண் மதகைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. டீக்கடையில் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார்: “அதான் மேட்டூரே நெறஞ்சிருச்சேண்ணே, இன்னும் என்ன வறட்சி?”

நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு தவறு இருக்கிறது. மழைக் கணக்கையும் ஆற்றுக் கணக்கையும் பார்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறும் அதுதான். எந்த ஊர் மழை, எந்த ஊர் ஆற்றுக்குப் போகிறது என்று பார்க்காமல் இரண்டையும் முடிச்சுப் போடுவது.

மேட்டூருக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அங்கே பெய்தாலும் உடனே மேட்டூருக்கு வந்துவிடாது. முதலில் கபினி, ஹாரங்கி, ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்ப வேண்டும். அவை நிரம்பி வழியும்போதுதான் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு ஆயிரங்களில் இருந்து லட்சம் கன அடிக்குத் தாவுகிறது. சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் இருக்கும் கண்மாய்களுக்கு இதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருப்பவை. ஆடியில் மேட்டூர் நிரம்புவது டெல்டாவுக்கு நல்ல சேதி, எங்கள் மானாவாரிக் காட்டைப் பற்றி அது எதையுமே சொல்வதில்லை.

இதன் மறுபக்கத்தை 2023இல் டெல்டா பார்த்தது. ஜூன் 12ஆம் தேதி வழக்கப்படி மேட்டூர் திறக்கப்பட்டது, விவசாயிகள் நம்பிக் குறுவை நட்டார்கள். அந்த ஆகஸ்டு, 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டு. மேலே மழை பொய்த்தது, அணைக்கு வரத்து குறைந்தது, கடைமடையில் பயிர் காய்ந்தது. ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய அணையை அக்டோபரிலேயே மூட நேர்ந்தது. தஞ்சாவூரில் எத்தனை செ.மீ. பெய்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த ஆபத்து கண்ணில் பட்டிருக்காது. டெல்டாக்காரர் ஆனி, ஆடியில் பார்க்க வேண்டியது குடகின் மடிக்கேரி மழையை.

வைகையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து, மேற்கே போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வைகை அணைக்கு வருகிறது. ஆகவே மதுரையில் ஆற்றில் தண்ணீர் ஓடினால் மதுரையில் மழை பெய்ததாக அர்த்தம் இல்லை. தேக்கடிப் பக்கம் பெய்திருக்கலாம், அல்லது குடிநீருக்காகவோ திருவிழாவுக்காகவோ அணையைத் திறந்திருக்கலாம். ஆற்றில் ஓடும் தண்ணீரைப் பார்த்ததும், இது இயற்கையாக வந்த வரத்தா, மதகைத் திறந்து விட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்து விட்டது என்றால் அது சேமிப்பிலிருந்து எடுத்த பணம், வருமானம் அல்ல.

ஆறு வறண்டு கிடந்தாலே வறட்சி என்று எழுதுவதும் தவறுதான். பாலாறும் வைகையும் சித்திரையில் மணலாகக் கிடப்பது புதிதல்ல. இந்தச் சித்திரையைப் போன வருடத்து ஐப்பசியோடு ஒப்பிடக் கூடாது, பல வருடங்களின் சித்திரையோடு ஒப்பிட வேண்டும். மணலுக்கு அடியில் ஊற்று எத்தனை அடியில் கிடைக்கிறது என்பது அங்கே மேலோட்டத்தைவிட நம்பகமான தகவல். இன்னொன்று, மணல் அள்ளி ஆற்றுப் படுகை இறங்கிப் போன இடங்களில் பழைய அளவுகோல் பொய் சொல்லும். அதே அளவு தண்ணீர் ஓடினாலும் மட்டம் தாழ்ந்து தெரியும், வாய்க்கால் தலைப்பில் ஏறவும் ஏறாது.

அணை மட்டத்தை அடியில் பார்த்துவிட்டுப் ‘பாதி இருக்கிறது’ என்று சொல்வது பத்திரிகைகளே செய்யும் பிழை. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று தோன்றும். இருப்பது சுமார் 25 டிஎம்சிதான், கால் பங்குக்குச் சற்று மேல். அணை கிண்ணம் போல மேலே அகன்று கீழே குறுகியது. உச்சியில் ஓர் அடி குறைந்தால் போவது ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி, 40 அடிக்கு அருகில் ஓர் அடி குறைந்தால் அரை டிஎம்சி அளவு. எப்போதும் டிஎம்சியில் எழுதிக்கொள்ளுங்கள். நீர்வரத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி. இதை மனதில் வைத்துக்கொண்டால், 2,000 கன அடி வரத்து வந்ததற்கு ‘நீர்வரத்து இரட்டிப்பு’ என்று தலைப்புப் போட்டிருந்தாலும் ஏமாற மாட்டீர்கள்.

சரி, மழைக்கு வருவோம். மாவட்டச் சராசரியை அப்படியே நம்புவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் நிவாரணம் வரை அது போய்த் தொடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக்குள் மழை கொட்டும் மலை ஊர்களான நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை இருக்கின்றன. அதே மாவட்டத்தில்தான் வறண்ட சமவெளியான ராதாபுரமும் நாங்குநேரியும் இருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, மலையில் நான்கு மழைமானிகளில் 30 செ.மீ., சமவெளியில் நான்கில் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சராசரி 16 செ.மீ. வரும். அந்த 16 செ.மீ. மழை எந்த ஊரிலும் பெய்யவில்லை. கோயம்புத்தூரிலும் இதே கதைதான்: வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு, இந்தப் பக்கம் சூலூர். வறட்சியை வட்டம் அளவிலாவது, முடிந்தால் குறுவட்டம் அளவில் பாருங்கள். மலை மழைமானிகளை ஆற்றுக் கணக்கில் சேருங்கள், சமவெளி மழைமானிகளைப் பயிர்க் கணக்கில் சேருங்கள்.

மொத்த மழையை மட்டும் பார்ப்பதும் அதற்குச் சளைக்காத தவறு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பெய்ய வேண்டிய மழை அது. வருடக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் செழிப்பான வருடம் என்று தோன்றும். 2021 ஜனவரியில் பெய்த பருவம் தப்பிய மழை டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. அதுவும் கணக்கில் ‘கூடுதல்’தான். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு மழையையும் கொட்டிவிட்டுப் போனது, ஆனாலும் அந்த வடகிழக்குப் பருவம் மாநில அளவில் 62 சதவீதப் பற்றாக்குறையில் முடிந்தது. இயல்பு 44 செ.மீ., பெய்தது 17 செ.மீ.கூட இல்லை. 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

அதனால் மொத்தத்தோடு மழை நாள்களையும் எண்ணுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறைக் கணக்கில் அது மழை நாள். இரண்டு மழை நாள்களுக்கு இடையில் எத்தனை நாள் இடைவெளி விழுந்தது என்பதைத்தான் பயிர் உணரும். எங்கள் ஊரில் பெரியவர்கள் பாத்தியில் ஒரு சாண் தோண்டி, கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை பிடித்து விரல் ரேகை பதிந்தால் இன்னும் நாலைந்து நாள் தாங்கும். பிடிக்கும்போதே உதிர்ந்தால், மழைமானி என்ன சொன்னாலும் அந்த வயலுக்கு வறட்சி வந்தாகிவிட்டது.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். இயல்பே 3 செ.மீ. இருக்கும் மாதத்தில் ஓர் இடிமழை அடித்தால் ‘இயல்பைவிட 100 சதவீதம் அதிகம்’ என்று வரும், கண்மாயில் ஒரு படி ஏறியிருக்காது. இன்னொரு பக்கம், 19 சதவீதம் வரை குறைந்தாலும் வரைபடத்தில் அது ‘இயல்பு’ என்றே நிறம் பெறும், 20இல்தான் பற்றாக்குறை. இப்படி ‘இயல்பான’ குறைவு அடுத்தடுத்து இரண்டு மூன்று பருவம் வந்தால் கிணறு வற்றிவிடும், வரைபடம் பச்சையாகவே இருக்கும்.

மழை குறைந்தது கிணற்றிலும் ஏரியிலும் தாமதமாகத்தான் தெரியும். இந்தக் காலத்தாழ்வை மறந்துதான் 2019 ஜூனில் பலர் திகைத்தார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தத் தாகம் அந்தக் கோடையில் தொடங்கியதல்ல. 2018 வடகிழக்குப் பருவத்தில் மாநிலச் சராசரி 24 சதவீதம் குறைந்தது, சென்னையில் பாதிக்கும் மேல் குறைந்தது. மண் ஈரத்துக்கு ஒரு மாதக் கணக்கு போதும், கண்மாய்க்கு மூன்று மாதம், கிணற்றுக்கும் பெரிய அணைக்கும் 12 மாதம் அல்லது அதற்கு மேல் பார்க்க வேண்டும். எஸ்பிஐ எனும் தரப்படுத்திய மழைக் குறியீடு இதற்காகவே உருவானது. ஒரே மழைத் தரவை வெவ்வேறு கால அளவில் பார்க்கலாம், -1க்குக் கீழே போனால் வறட்சி, -2க்குக் கீழே போனால் மிகக் கடுமை. ஆனால் 30 வருடத் தரவாவது இல்லாமல் அதைக் கணக்கிட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

அப்புறம், சொந்தமாக அளப்பவர்களுக்கு. மழைமானியை வாசிப்பது காலை 8.30க்கு, அதற்கு முந்தைய 24 மணி நேர மழை அந்தக் காலையின் தேதியில் பதிவாகும். இது தெரியாமல் நேற்றிரவு மழையை நேற்றைய தேதியில் எழுதினால், அரசுக் கணக்கோடு ஒரு நாள் பிசகிக்கொண்டே போகும். ஊருக்குப் போய்விட்ட நாளில் பூஜ்யம் போடாதீர்கள், கோடு போடுங்கள். அளக்காத நாள் வேறு, மழை இல்லாத நாள் வேறு. ஒரு ஐப்பசிக் காலையில் பக்கத்து ஊரில் 6 செ.மீ. என்றார்கள், என் மானியில் 1.4தான் இருந்தது. புனலைத் தூக்கிப் பார்த்தால் வேப்பிலைச் சருகு வாயை அடைத்திருந்தது, தண்ணீர் வெளியே வழிந்த தடம் தகரத்தில் தெரிந்தது. அந்தப் பருவத்தில் அதற்கு முன் எத்தனை நாள் அப்படிப் போனதோ. அந்த மாதத்தின் பக்கம் முழுவதும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், கூட்டலில் சேர்ப்பதில்லை. மானியை மரத்தடியிலிருந்து திறந்த வெளிக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது என் நோட்டில் ஐந்து பத்திகள்: மழை மி.மீ., கடைசி மழை நாளிலிருந்து எத்தனை நாள், கண்மாய் மடைக் கல்லில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது, வைகை அணையில் இருப்பு, கிணற்று மட்டம். கிணற்றுக்குக் கருவி எதுவும் இல்லை. முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, காலையில் மோட்டார் போடுவதற்கு முன் இறக்க வேண்டும், கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைப் பிடித்து முடிச்சுகளை எண்ண வேண்டும். டீக்கடைத் தம்பியைக் கூட்டிவந்து அந்த ஆடியில் இறக்கிக் காட்டினேன். போன வருடத்தைவிட நான்கு முடிச்சு கூடுதலாக உள்ளே போனது.