ராயக்கோட்டை மலைக்கோட்டைய பாக்கப் போறீங்களா, இப்படி போங்க

தருமபுரில இருந்து போறவங்க பாலக்கோடு வழியா பஸ்ஸோ ரயிலோ எதுல வேணா வரலாம், ரெண்டுமே ஓசூர் போற பாதைதான். ஊருக்குள்ள தக்காளி மண்டி தெரியும், அங்க நிக்காம விடியக்காலைலயே மலையேற ஆரம்பிச்சிடுங்க, வெயில் ஏறிட்டா பாறை கால வைக்க விடாது. தண்ணி கையோட கொண்டு போயிடணும், நல்ல கிரிப் இருக்கற ஷூ போட்டுக்கோங்க, மழை நாள்ல வேணவே வேணாம்.

ஏறும்போது மூச்சு வாங்க நிக்கற எடத்துலெல்லாம் மதில கவனிச்சு பாருங்க. கீழ ஒரு கோட்டை, மேல ஒரு கோட்டைன்னு அடுக்கடுக்கா கட்டியிருக்காங்க. 1791 ஜூலைல, திப்பு சுல்தானோட நடந்த மூணாவது மைசூர் போர்ல, மேஜர் கௌடி தலைமையில வந்த ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனிப் படை கீழ்க்கோட்டைய தாக்கித்தான் புடிச்சுது, மேல இருந்தவங்க அப்புறம் சரணடைஞ்சாங்க. இந்தச் சின்ன ஊருக்கு ஏன் அவ்ளோ சண்டைன்னா, கீழ்நாட்டுல இருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு அரிசியும் மாடும் போற கணவாய் வழிய இந்த மலைதான் காவல் காத்துச்சு. உச்சில நின்னு பாத்தீங்கன்னா அது சட்டுனு புரியும், எனக்கு இந்த மலையிலேயே ரொம்பப் புடிச்சது அந்த எடம்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைல பாராமகால்னு அப்ப சொன்ன இந்தச் சுத்துவட்டாரம் மொத்தமும் கம்பெனி கைக்கு போச்சு.

மேல சுனையும் இடிஞ்ச கட்டடங்களும் இருக்கு. தொல்லியல் துறை பாதுகாக்கற எடம், தயவுசெஞ்சு செவுத்துல பேர் கிறுக்காதீங்க. எறங்கும்போது அவசரப்படாதீங்க, வழுக்கறது அப்பதான்.