காரைக் கோழிபோலச் சுற்றலாம்: வீட்டுச் சாய்ப்புக்கு ரொட்டிசெரி தேர்ந்தெடுப்பது எப்படி

கிரில் கோழிக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோழி சுற்றுமே, அந்தக் கருவிக்குப் பெயர்தான் ரொட்டிசெரி. காருக்கும் அதே கதைதான். முன்னால் ஒரு ஸ்டாண்ட், பின்னால் ஒரு ஸ்டாண்ட், நடுவே இன்ஜினும் கதவும் கழற்றிய வெறும் கூடு. சுழலாமல் பூட்டியிருக்கும் இரும்புப் பின்னை உருவிச் சுற்றினால் அடித்தகடு முகத்துக்கு நேரே வந்து நிற்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெல்டிங் பொறி கழுத்துக்குள் விழ வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். உப்புக் காற்று ஒருபுறம்; ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மேலே பெயிண்ட் பளபளக்கும் மாருதி 800-இல் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரியும். அதனால் 'ஸ்டாண்ட் எத்தனை டன் தாங்கும்' என்ற கேள்வியை நான் கடைசிக்கு வைத்துவிடுவேன். துருப்பிடித்த கூடு தன்னைத்தானே தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில்: இது வேண்டுமா?

பழைய ஜீப் என்றால் வேண்டாம். அதற்குச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றி நாலு பேர் பிடித்தால் பாடி தனியே வந்துவிடும். மாருதி 800, பத்மினி, அம்பாசடர் மூன்றிலும் தனிச் சேஸிஸ் கிடையாது, கூடுதான் எல்லாம். அடித்தகடு முழுக்க மாற்ற வேண்டுமென்றால் ரொட்டிசெரி உதவும். ஒரு கைப்பிடி அளவு ஓட்டைக்கு இது வீண் செலவு.

அடுத்து: நூல் பிடித்து அளக்க வேண்டும்

மாருதி 800-இன் நீளம் 3.3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அகலம் 1.44 மீட்டர். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் நிற்கவும் ஆள் நடக்கவும் சேர்த்தால் 5 மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். உயரத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. முன்னால் நின்று பார்த்தால் கூடு எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுற்றுமோ, அங்கிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் மூலைக்கு நூல் பிடியுங்கள். தரையிலிருந்து சுழலும் அச்சு அந்த நீளத்தைவிட ஒரு சாணாவது உயரமாக இருக்க வேண்டும். அச்சுக்கு மேலேயும் அதே அளவு விட்டு, சாய்ப்பின் உத்தரம் இடிக்குமா என்று பாருங்கள். தரை சிமெண்ட் தரையாகவே இருக்கட்டும். மண் தரையில் சக்கரம் புதைந்தால் ஸ்டாண்ட் சாய்ந்துவிடும்.

ஸ்டாண்டில் என்ன பார்ப்பது?

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. மற்றதெல்லாம் அப்புறம்தான். ஸ்டாண்டின் கை பம்பர் பிராக்கெட் இருந்த இடத்தில் மாட்டப்படும். அது தாழ்வான இடம். கூட்டின் எடைமையமோ, அதாவது எடை சமன்படும் புள்ளியோ, அதற்கு மேலே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட, மாட்டும் கைக்கும் அச்சுக்கும் இடையில் ஏற்றி இறக்கும் அமைப்பு வேண்டும்.

நான் முதன்முதலில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ஸ்டாண்டில் அது இல்லை. காசு மிச்சம் என்று நினைத்தேன். பின்னை உருவியதும் கூடு தானாகவே குப்புறக் கவிழ்ந்து, சுவரோரம் இருந்த கம்ப்ரசரில் போய் மோதியது. கை தப்பியது அதிர்ஷ்டம்.

மற்றவை சுருக்கமாக: 75 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 5 மில்லிமீட்டர் கனம் இருந்தால் இந்தச் சின்ன வண்டிக்குத் தாராளம். ஜாக் இருந்தாலும், தூக்கியபின் எடையைத் தாங்க ஒரு பின் தனியாக வேண்டும். எண்ணெய் கசிந்தால் ஜாக் இறங்கிவிடும், பின் இறங்காது. இரண்டு ஸ்டாண்டையும் கீழே இணைக்கும் குழாய் கட்டாயம். சக்கரம் பெரிதாகவும் பிரேக் உள்ளதாகவும் இருக்கட்டும்.

மாட்டுவதற்கு முன்

பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பேட்டரி எல்லாம் வெளியே. அப்புறம் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தாலோ தகடு உள்வாங்கினாலோ, அப்படியே தொங்கவிட்டால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு பொருந்தாது. கதவு இருந்த இடைவெளியில் முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் குறுக்காகவும், இடமிருந்து வலமாகவும் 25 மில்லிமீட்டர் குழாய் வைத்து வெல்டு அடியுங்கள். பம்பர் பிராக்கெட் இருக்கும் இடமே துருவென்றால், உள்ளே நல்ல தகடு வரும்வரை போய் அங்கே மாட்ட வேண்டும்.

மாட்டியபின்

ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் கூட்டைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்கள். பிடி தளர்ந்ததும் வேகமாக நிமிர்ந்தால் எடைமையம் அச்சுக்கு மிகக் கீழே இருக்கிறது, கூட்டை ஏற்றுங்கள். மேலும் கவிழப் பார்த்தால் இறக்குங்கள். மெதுவாக நிமிரும் நிலையில் விட்டுவிடலாம், கொஞ்சம் அடிக்கனம் நல்லதுதான். தகடு வெட்ட வெட்ட எடை மாறும் என்பதால் இதை இடையிடையே திரும்பவும் சரிபார்க்க வேண்டும்.

வெல்டிங்கின் எர்த் கிளாம்பை ஸ்டாண்டில் மாட்டாதீர்கள். கரண்ட் அச்சு வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும். வேலை நடக்கும் தகட்டின் பக்கத்திலேயே மாட்டுங்கள். சுரண்டிய இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், எங்கள் ஊர்க் காற்றில் மறுநாள் காலையில் அது செம்மண் நிறமாகியிருக்கும்.