பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைச் சீரமைத்தலும் மாற்றியமைத்தலும்

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரில் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும், அதைப் பின்னாளில் நீக்கிவிட்டுக் கருவியை முந்தைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். திருகைக் கழற்றலாம், மீண்டும் பூட்டலாம். துளையிட்ட மரமும் சுரண்டிய பூச்சும் திரும்பி வருவதில்லை. ஆகவே முதலில் கிட்டாரைப் பல கோணங்களில் படமெடுத்து, உள்ளே இருக்கும் வயர் இணைப்புகளைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

கிட்டாரின் வயதை அறிய வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களின் (மாறும் மின்தடைகள்) முதுகில் பொறித்திருக்கும் எண் உதவும். அமெரிக்கத் தயாரிப்புகளில் 137 என்று தொடங்கினால் அது சிடிஎஸ் நிறுவனத்தின் பாட். 1376633 என்று இருந்தால் 1966ஆம் ஆண்டின் 33ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பாட் மாற்றப்படாமல் இருந்தால், கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க முடியாது. சிறிது காலம் பிந்தியதாக இருக்கலாம்.

சுத்தம் செய்வதில் பொறுமை தேவை. 1950களின் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை அசிட்டோன் கரைத்துவிடும், ஆல்கஹாலும் கெடுக்கும். பிசுபிசுப்பான அழுக்கை நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான் தோய்த்த மென்துணியால், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாத தொலைவில் துடைக்கலாம். பூச்சில் வெடிப்பு இருந்தால் அதையும் தவிர்த்து, சற்றே ஈரமான துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தேய்ந்து வெளுத்த பூச்சு கண்ணுக்கு உறுத்தலாம், ஆனாலும் அதை நீக்கிப் புதுப்பூச்சு அடிக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. கருவியின் மதிப்பு பெருமளவு சரிவது ஒரு காரணம். அது கடந்து வந்த காலத்தின் தடயம் அழிந்துபோவது அதைவிடப் பெரிய காரணம்.

ஒலி வரவில்லை என்றால் உடனே, தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுவதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் எந்த இணைப்பையும் பிரிக்காமலேயே அளவு தெரிந்துவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம் வரையிலும், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் 7 முதல் 9 கிலோ ஓம் வரையிலும் காட்டும். பாட்டின் தடையும் இணையாகச் சேர்வதால் அளவு சற்றுக் குறைந்திருக்கும். அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காட்டினால், இணைப்போ சுவிட்சோ பழுதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சுருள் அறுந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். முடியைவிட மெல்லிய அந்தக் கம்பி, வெளி வயரோடு சேரும் சால்டர் (பற்றவைப்பு) புள்ளியில் அறுந்திருந்தால் அங்கேயே இணைத்துவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து மறுபடி சுற்றுவதுதான் வழி. கரகரக்கும் பாட்டை மாற்றத் தேவையில்லை. அதன் உடலில் உள்ள இடைவெளி வழியே கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு செலுத்தி, பலமுறை இருபுறமும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய சால்டரில் ஈயம் உண்டு என்பதால் புகையைச் சுவாசிக்காமல், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுங்கள்.

வேறு பிக்கப், வேறு ஒலி வேண்டுமென்றால், பழைய பாட், கெப்பாசிட்டர், சுவிட்ச், வயர் அனைத்தையும் முடிந்தவரை சால்டர் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, புதிய தொகுப்பொன்றைப் பொருத்துவதே சிறந்த முறை. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். மதிப்பு கூடினால் உச்ச ஒலிகள் தெளிவாகக் கேட்கும். இரைச்சலைக் குறைக்க உட்குழிவில் மின்சாரம் கடத்தும் பெயின்ட் பூசுவதைவிடச் செப்புத் தகடு ஒட்டி கிரவுண்டுடன் இணைப்பதை நான் விரும்புவேன், ஏனெனில் அதைப் பின்னர் உரித்தெடுக்கலாம். தந்தியை முறுக்கும் ட்யூனர் மாற்றுவதென்றால், இருக்கும் துளைகளுக்கே பொருந்துவதைத் தேடுங்கள்.

கடைசியில் செட்டப், அதாவது வாசிப்பதற்கு ஏற்றபடி அளவுகளைச் சரிசெய்தல். புதுத் தந்திகளைப் பூட்டி, வாசிக்கும் ஸ்ருதிக்கு ஏற்றிய பின், முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்தினால் ஏழு, எட்டாவது ஃப்ரெட் அருகே ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இந்த இடைவெளியைச் சரிசெய்ய, கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுக்குவதாக இருந்தால் முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள், அசைய மறுத்தால் பலம் காட்டாதீர்கள். சில பழைய ஃபெண்டர்களில் அதைத் திருப்பும் திருகு கழுத்தின் அடிமுனையில் இருப்பதால் கழுத்தையே கழற்ற நேரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் மெல்லிய தந்திக்கு 1.6, தடித்ததற்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்கலாம். உயரம் சரியான பின்பே இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஸ்வரம், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால், தந்தியைத் தாங்கும் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்குங்கள், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள்.