பழைய போர்ஷே வாங்கலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கினால் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிவிடும் ஸ்போர்ட்ஸ் கார், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு புதிய எஸ்.யு.வி.யின் விலைக்குச் சந்தைக்கு வந்து நிற்கிறது. அந்த விளம்பரத்தைப் பார்க்கிறவர்களில் பலர் முதல் தவறை அங்கேயே, கணக்குப் போடும்போதே செய்துவிடுகிறார்கள். குறைந்திருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்க், கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் விலை, அவை ஒரு கோடி ரூபாய்க் காருக்குச் செய்யப்பட்ட நாளில் இருந்ததைவிடக் குறையவில்லை. ஆகவே 35 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது என்பதற்காக 35 லட்சத்துக்கு ஒரு போர்ஷே கேமன் வாங்குவது தவறான முடிவு. விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியே எடுத்துவைக்க முடியாதவர், இன்னும் ஓராண்டு காத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பொதுவாகச் சொல்வதைவிட நன்கு தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வது பயன்தரும் என்பதால், இந்தியாவில் ஓரளவு கிடைக்கக்கூடிய போர்ஷே 911, பாக்ஸ்டர், கேமன் ஆகிய கார்களை, குறிப்பாக 2005-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட தலைமுறையை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேறு நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த ஆண்டுக் கார்?

இந்தத் தலைமுறையில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே என்ஜின் மாறியது. 2008 மாடல் வரை வந்த சாதாரண 911, பாக்ஸ்டர், கேமன் என்ஜின்களில், வால்வுகளை இயக்கும் பகுதிக்கு என்ஜினின் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டு (intermediate shaft) ஒன்று உண்டு. அது சுழல்வதற்காக வைக்கப்பட்ட பேரிங் தேய்ந்து உடைந்தால், வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்திசைவு இழந்து மோதிக்கொண்டு என்ஜின் முழுவதும் பாழாகும். ஆங்கில எழுத்துகளில் ஐ.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கோளாறு தொடர்பாக, 2001 முதல் 2005 வரையிலான மாடல்களின் உரிமையாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த குழு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிந்தைய 2006 முதல் 2008 வரையிலான என்ஜின்களில் பேரிங் பெரிதாக்கப்பட்டது. அது உடைவது அரிது. ஆனால் என்ஜினின் உடலைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் இந்த இடைத்தண்டே இல்லை. 911-இன் உயர்வேக வகைகளான டர்போவிலும் ஜி.டி.3-யிலும் வேறு வகை என்ஜின் இருந்ததால், அவற்றுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் இருந்ததில்லை.

இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு நுழைகிறது. ஆர்.சி.யில் பதிவு நாள் 2009 என்று இருப்பதைப் பார்த்து அது 2009 மாடல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 2008 மாடல் கார் ஷோரூமில் சில மாதங்கள் நின்று 2009-இல் பதிவாகியிருக்கலாம். 17 எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண்ணில் பத்தாவது இடத்தைப் பாருங்கள். 8 என்று இருந்தால் 2008 மாடல், 9 என்று இருந்தால் 2009 மாடல், அடுத்த ஆண்டுக்கு ஆங்கிலத்தின் முதல் எழுத்து. அந்த ஓர் எழுத்தைப் படிக்க அரை நிமிடம் போதும்.

சூடான என்ஜினைக் கேட்பது

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை மகனுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு கேமன் பார்க்கப் போயிருந்தோம். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், ஒன்பதரைக்கே போய்விட்டோம். கார் அசையாமல் நின்றிருந்தது, ஆனால் பின்பக்கம் குனிந்து புகைக்குழாய்க்கு அருகே கையைக் கொண்டுபோனபோது அனல் அடித்தது. "உங்களுக்காகத்தான் சார், ஏசி ஓட்டிப் பார்த்து வைத்தேன்" என்றார் விற்க வந்தவர். மறுநாள் காலையில் நாங்கள் வந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு திரும்பினோம். மறுநாள் ஸ்டார்ட் செய்தபோது, முதல் நாள் இல்லாத 'டக் டக்' ஒலி ஒரே சீராகக் கேட்டது; இரண்டு குழாய்களில் ஒன்றின் வாயில் மட்டும் கரி அப்பியிருந்தது.

அந்த இரண்டும் சேர்ந்து சொல்வது சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம் என்பதைத்தான். 2008 மாடல் வரையிலான இந்த என்ஜின்களில், குறிப்பாகக் கொள்ளளவு பெரிய 3.4, 3.6, 3.8 லிட்டர் வகைகளில், பேரிங்கைவிட இதுவே அதிகமாக அஞ்ச வேண்டிய கோளாறு. கீறல் விழுந்த பக்கம் ஆயில் எரிவதால் அந்தப் பக்கத்துக் குழாய் மட்டும் கறுக்கிறது. என்ஜின் சூடேறியதும் ஒலி மங்கிவிடலாம் என்பதால்தான், குளிர்ந்த என்ஜினை உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்வதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால், ஸ்பார்க் பிளக் துளை வழியாகவும் அடியிலிருந்தும் சிறு கேமராவை உள்ளே விட்டுச் சிலிண்டர் சுவர்களைப் பார்க்க முடியும். கூடவே ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்து, வெயிலில் பிடித்து உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

குறைந்த கிலோமீட்டர்

"18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்ற வரியைப் போல வாங்குகிறவரைக் கிறங்கடிப்பது வேறொன்றும் இல்லை. அந்த எண் உண்மையாக இருந்தாலும் அது நல்ல செய்தியாக இருந்தாக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடி மீதி நாளெல்லாம் ஷெட்டில் நின்ற காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, ஆயிலில் ஈரம் சேர்கிறது, பெட்ரோல் கெடுகிறது. இப்போது நாடெங்கும் விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது என்பதால், நீண்ட நாள் நின்ற காரின் எரிபொருள் பாதையைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய பில்லுடன் 60,000 கிலோமீட்டர் ஓடிய காரை நான் தயங்காமல் முன்னே வைப்பேன்.

எண்ணே பொய்யாக இருப்பது அடுத்த சிக்கல். ஓடோமீட்டரைத் திருத்துவது எளிது. என்ஜின் கணினியின் நினைவைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல. போர்ஷேக்குரிய ஸ்கேனரை இணைத்தால், என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது தெரியும். மீட்டரில் 31,000 கிலோமீட்டர் என்றும் கணினியில் 2,480 மணி நேரம் என்றும் இருந்தால், சராசரி வேகம் மணிக்கு 12.5 கிலோமீட்டர் என்றாகிறது. சென்னை நெரிசலைத் தவிர வேறெதையும் பார்க்காத காருக்குக்கூட இது குறைவு. அதே ஸ்கேனர், என்ஜின் எல்லை மீறிச் சுழன்ற நிகழ்வுகளையும், எவ்வளவு மீறியது என்பதைப் பொறுத்து அடுக்கடுக்காகக் காட்டும். கையால் கியர் மாற்றும் காரில் ஐந்திலிருந்து நான்குக்கு வர வேண்டியவர் தவறி இரண்டில் தள்ளிவிட்டால், சக்கரங்களே என்ஜினைத் தாறுமாறாகச் சுழற்றும். எந்தப் பாதுகாப்பு அமைப்பாலும் அதைத் தடுக்க முடியாது. உயர்ந்த அடுக்குகளில் அப்படிப் பதிவு இருக்கும் காரை, அது எத்தனை பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்காமல் விடுவது

இந்தக் கார்களின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும், ஏசி கன்டென்சர்கள் அவற்றுக்கு முன்னாலும் இருக்கின்றன. காற்று நுழையும் வாயில் வலை இல்லாத காரில் டார்ச் அடித்துப் பார்த்தால், பல ஆண்டு வேப்பிலையும் மண்ணும் ஈரத்தோடு சேர்ந்து மட்கிக் கிடப்பதைக் காணலாம். அந்தச் சகதி அலுமினியத்தை அரித்துவிடுகிறது. விற்பவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு எந்தச் சான்றிதழையும்விட அந்த மூலை உண்மையான சாட்சி.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயர்களில் பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் அவற்றை மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது செராமிக் டிஸ்க் உள்ள கார் என்று பொருள். அதை ஒரு சிறப்பாக விளம்பரத்தில் எழுதுவார்கள். அதன் டிஸ்க்கை மாற்ற நேர்ந்தால் ஆகும் செலவில் ஒரு சிறிய காரே வாங்கிவிடலாம் என்பதை எழுதமாட்டார்கள்.

சென்னையில் பதிவான காராக இருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். இருக்கையையும் கம்பளத்தையும் கழுவி உலர்த்துகிறவர்கள், பெல்ட்டின் சுருளுக்குள் படிந்த வண்டல் கோட்டை மறந்துவிடுவதுண்டு.

காகிதத்தில் நடக்கும் தவறுகள்

டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் 10 ஆண்டுகள் கடந்த டீசல் வாகனங்களுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்ததிலிருந்து, அந்த வயதை நெருங்கும் கார்கள் அங்கே மலிவாகக் கைமாறி தெற்கே வருகின்றன. விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் வரியை மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு அந்த மாநிலப் பதிவெண் பெற வேண்டும். அப்போது அங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. வெளிமாநிலத்திலிருந்து வரும் காருக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும் என்றாலும், கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுத்த விலையிலிருந்து அல்ல, காரின் அசல் விலையிலிருந்து. ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"வெளிமாநில எண்ணோடே ஓட்டிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். மகாராஷ்டிரப் பதிவோடு பெங்களூரில் ஓடிய ஒரு ஃபெராரியைப் பிடித்த கர்நாடகப் போக்குவரத்துத் துறை, 2025 ஜூலையில் அதன் உரிமையாளரிடம் 1.4 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பூட்டான் வழியாகக் கடத்திவந்து இமாச்சலம் போன்ற இடங்களில் பதிவு செய்யப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட சொகுசு வாகனங்களைத் தேடிக் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தியது. நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியவர்களும் இப்படிப்பட்ட விசாரணைக்குள் சிக்கக்கூடும். இறக்குமதியான காரென்றால் சுங்க ஆவணத்தின் நகலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை வெறும் சம்பிரதாயமாகப் புரட்டிவிட்டுப் போவது இன்னொரு தவறு. விபத்துக் கோரிக்கை எதுவும் இல்லாத ஆண்டுகளுக்குத் தரப்படும் தள்ளுபடி 20, 25, 35, 45 என ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். பல ஆண்டுகளாகக் காரை வைத்திருப்பவர் "ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று சொல்லும்போது, பத்திரத்தில் அந்தத் தள்ளுபடி பூஜ்யமாகவோ 20 ஆகவோ இருந்தால், அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. அல்லது காப்பீடு விட்டுப்போயிருக்கிறது. எதுவென்று கேட்க வேண்டும். அந்தத் தள்ளுபடி உரிமையாளருக்குரியது, காரோடு உங்களுக்கு வராது. ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதால், கொடுக்கப்போகும் விலைக்கும் அந்த மதிப்புக்கும் உள்ள இடைவெளியை வாங்குமுன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அந்தக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுப்பது கூடாது.

எல்லாம் சரியாக அமைந்து காரை எடுக்கும் நாளில், மகிழ்ச்சியில் மறந்துவிடும் சிறு பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று, இரண்டாவது சாவி. அது இல்லையென்றால் புதிதாகச் செய்து கணினியோடு இணைக்கும் செலவு உங்களுடையது. மற்றொன்று, சக்கரத்தைத் திருட்டிலிருந்து காக்கும் பூட்டு போல்ட்டைக் கழற்றும் தனிச் சாக்கெட். இந்தத் தலைமுறைக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, ஒட்டுத் திரவமும் சிறு காற்றுப் பம்பும்தான் இருக்கும். அந்தச் சாக்கெட்டும் தொலைந்திருந்தால், நெடுஞ்சாலையில் பஞ்சரான சக்கரத்தைக் கடைக்காரரால் எளிதில் கழற்ற முடியாது. காரை எடுத்துக்கொண்டு புறப்படும் முன், முன்பக்கப் பெட்டியைத் திறந்து, கருவிப் பையை அவிழ்த்து, அது இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.