கொறங்காட்டில் பார்த்தீனியமா? நல்ல கொழுக்கட்டைப் புல்லை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இரண்டு மழை தவறி, மாடும் ஒட்ட மேய்ந்துவிட்டால், கொழுக்கட்டைப் புல் நின்ற இடத்தில் பார்த்தீனியக் களை வந்து உட்கார்ந்துகொள்ளும். பிடுங்கினால் மட்டும் போதாது, வெறும் மண் கிடந்தால் திரும்ப வரும். அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிற புல் வேண்டும்.

முதல் வேலை சித்திரை வெயிலில். எல்லாம் காய்ந்து கிடக்கும்போது காட்டைச் சுற்றி வந்து, அடியில் பச்சை மிச்சம் இருக்கிற, மாடு கடித்த பிறகும் துளிர்க்கிற தூர்களாகப் பார்த்துக் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். 20 போதும். வெள்வேல மர நிழலிலும் சாணி விழுகிற இடத்திலும் இருப்பவை வேண்டாம், அங்கே எந்தப் புல்லும் நன்றாகத்தான் இருக்கும்!

மழை விழுந்ததும் ஒவ்வொரு தூரிலிருந்தும் பத்துப் பத்து வேர்க்கரணை பிரித்து, ஒரே மண்ணில், அரை மீட்டர் இடைவெளியில் தனித்தனி வரிசையாக நடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டை கோ 1 ரகம் கிடைத்தால் அதையும் ஒரு வரிசை வையுங்கள், ஒப்பிட வசதி. தனியாகத் தண்ணீரோ உரமோ காட்டக் கூடாது. அடுத்த கோடை தாண்டி மூன்று நான்கு வரிசை தேறினாலே பெரிது.

இந்தப் புல்லில் ஒரு சௌகரியம்: பெரும்பாலும் கருக்கலப்பு இல்லாமலே விதை உருவாவதால், பிள்ளை தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். விதை எடுத்தாலும் குணம் மாறாது. ஆனால் ஒரே தூரின் விதையை மட்டும் காடு முழுக்கப் போட்டுவிடாதீர்கள், அதற்கு ஆகாத நோய் ஒன்று வந்தால் மொத்தமும் போகும். தேறியவற்றைக் கலந்தே விதையுங்கள்.

கதிர் ஒரே நாளில் பழுக்காது, நாலைந்து தடவை போய்க் கையால் உருவ வேண்டும். உருவிய விதையைத் துணிப்பையில் ஆறு மாதமாவது வையுங்கள், புது விதைக்கு உறக்கம் உண்டு, உடனே முளைக்காது. நான் முதல் வருடம் உருவிய கையோடு தூவி, நாலு முளையை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். அப்புறம் ஏக்கருக்கு 3 கிலோ விதையை ஈர மணலில் கலந்து (சுனை விதை, சும்மா வீசினால் காற்றோடு போகும்) தூவி, முள் கிளையால் லேசாக இழுத்துவிட்டால் சரி. ஆழமாக மூடினால் முளைக்காது.

முதல் வருடம் மாட்டை விடவே வேண்டாம். அடுத்த வருடம் ஒரு தூரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையில் வந்து, வேர் அசையாமல் நின்றால் படலைத் திறந்துவிடலாம்.