விவரணைக்கு மாறாக வந்த சேகரிப்புப் பொருள்: பார்சலைத் திறப்பது முதல் பணம் திரும்பும் வரை

பின்பக்கப் பசை பழுதில்லாதது, ஆல்பத்தில் ஒருமுறைகூட ஒட்டப்படாதது என்று எழுதி இணையத்தில் விற்கப்பட்ட ஒரு பழைய அஞ்சல்தலையைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். முன்பக்கம் படத்தில் கண்டபடியே இருந்தது. பின்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோதுதான், விளிம்பிலுள்ள பற்களின் நுனிவரை பசை இறங்கி இறுகியிருப்பது தெரிந்தது. அந்தக் கால அஞ்சல்தலைகளில் தாளுக்குப் பசை பூசிக் காய்ந்த பிறகே துளையிடுவார்கள். ஆகவே பற்களின் நுனி பசையில்லாத மெல்லிய நாராக இருக்க வேண்டும். அது விறைத்திருந்தால், பழைய ஒட்டுத்தடத்தை மறைப்பதற்காக யாரோ பிற்காலத்தில் புதிதாகப் பசை பூசியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் மிகவும் வலுப்படும்.

அன்று நான் செய்த தவறு, அந்த நிமிடமே கோபத்தோடு விற்பனையாளருக்கு எழுதியது. ஏமாற்றிவிட்டீர்கள் என்று அதில் மூன்று இடங்களில் இருந்தது. பற்களின் நுனியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்ததில் தளத்தில் புகார் பதிவதற்கான கெடு முடிந்துவிட்டது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன். நம் புகாரைப் படித்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் சேகரிப்பாளர் அல்லர். விற்பனையாளர் எழுதிய வாக்கியம் ஒரு பக்கம், வந்த பொருள் மறுபக்கம், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் கண்ணால் காணும்படி வைப்பதே நம் வேலை.

முதல் படி: பொருளைத் தொடுவதற்கு முன்

பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே கைபேசியில் வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டுநாடா, உள்ளே சுற்றியிருந்த விதம், பொருளின் இரு பக்கங்கள் ஆகியவை இடையில் வெட்டில்லாமல் பதிவாக வேண்டும். பொருளில் ஐயம் தோன்றினால் அதன்பின் அதைத் துடைக்கவோ, நீரில் நனைக்கவோ, முத்திரையிட்ட உறையிலிருந்து எடுக்கவோ கூடாது. நாணயத்தை ஒருமுறை துணியால் தேய்த்துவிட்டால், அதன் மேலுள்ள கீறல்கள் முன்பே இருந்தவை என்று பிறகு நிறுவவே முடியாது.

இரண்டாம் படி: விற்பனைப் பக்கத்தைச் சேமித்தல்

தலைப்பு, முழு விவரணை, எல்லாப் படங்கள், பொருள் எண், திருப்பி அனுப்பும் நிபந்தனை ஆகிய அனைத்தையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்த விற்பனைகளின் பக்கங்கள் சில காலத்தில் மறைந்துவிடும். உண்மையில் இதை வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: வேறுபாட்டை அளந்து எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முதலில், நமக்கு ஏமாற்றமாக இருப்பதையும் விவரணை பொய்யாக இருப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறம் நினைத்ததைவிட மங்கல் என்பது ஏமாற்றம். தரத்தில் அரைப் படி கூடுதலாகச் சொல்லியிருப்பது கருத்து வேறுபாடு. அதை வைத்து வழக்காடுவது கடினம். போலி, சொல்லாமல் மறைத்த பழுதுபார்ப்பு, இல்லாத பாகம், வேறு ஆண்டு அல்லது வேறு பதிப்பு ஆகியவைதான் உறுதியாக நிற்பவை.

எண்ணாகச் சொல்லக்கூடிய வேறுபாடு இருந்தால் அதையே முதலில் வையுங்கள். அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்வோம். 1878 முதல் 1904 வரையிலும் பின்னர் 1921இலும் அச்சடிக்கப்பட்ட அந்த நாணயங்களின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளி 90 சதவீதம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசில் அது 24 கிராம் காட்டினால், படத்தில் கூர்மையாகத் தெரியும் ஒரு நாணயத்தில் அந்தக் குறைவைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. தராசின் எண்ணும் நாணயமும் ஒரே படத்தில் தெரியட்டும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் அதனாலேயே வெள்ளி என்று ஆகிவிடாது, ஏனெனில் காந்தத்தில் ஒட்டாத மலிவான உலோகங்கள் பல உண்டு.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையில் நாணயம் வந்திருந்தால், உறையிலுள்ள சான்று எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். எண் அங்கே இருப்பது மட்டும் போதாது, ஏனெனில் போலி உறைகளில் உண்மையான எண்ணையே நகலெடுத்து அச்சிடுகிறார்கள். ஆண்டும் தரமும் ஒத்துப்போகின்றனவா என்றும், அங்கே படம் இருந்தால் கீறலும் கறையும் அதே இடங்களில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தாள் பொருட்களுக்குப் புற ஊதா விளக்கு உதவும். தாளுக்கு வெண்மை கூட்டும் ஒளிர்வுப் பொருட்கள் 1950களை ஒட்டித்தான் பரவலாயின. 1910ஆம் ஆண்டு அஞ்சலட்டை என்று விற்கப்பட்டது அந்த விளக்கின்கீழ் பளீரென்ற நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதைப் படமெடுத்துச் சேருங்கள். இசைத்தட்டு என்றால், முதல் பதிப்பு என்று எழுதியிருந்ததற்கும் மையத்தாளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்துள்ள எண்ணுக்கும் பொருத்தம் உண்டா என்று பாருங்கள்.

நான்காம் படி: கெடுவைக் குறித்துக்கொள்ளுதல்

ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாட்களுக்குள் புகாரைப் பதிய வேண்டும். பதிந்த பின் விற்பனையாளருக்கு 3 வேலைநாட்கள் தரப்படும். அதற்குள் தீர்வு வராவிட்டால் தளத்தையே தலையிடும்படி கேட்கலாம். திருப்பி எடுப்பதில்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தாலும், விவரணைக்கு மாறான பொருளுக்கு அந்த வரி தடையாகாது. பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகச் செலுத்தியிருந்தால், செலுத்திய நாளிலிருந்து பொதுவாக 180 நாட்கள் வரை உண்டு. ஆனால் அங்கே தகராறைத் தொடங்கிய 20 நாட்களுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாகவே மூடப்படும். நண்பருக்கோ குடும்பத்தாருக்கோ அனுப்பும் முறையில் பணம் செலுத்தியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த முறையில் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே மேல். கார்டில் செலுத்தியிருந்தால் வங்கி வழியாகச் சார்ஜ்பேக், அதாவது செலுத்திய தொகையை வங்கியே திரும்பப் பெற்றுத் தரும்படி கேட்கலாம்; அதற்கும் காலவரம்பு உண்டு என்பதால் வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரண்டு வாரம் பொறுங்கள், பார்க்கிறேன் என்று விற்பனையாளர் அன்பாகவே சொன்னாலும் புகாரைப் பதிந்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

ஐந்தாம் படி: விற்பனையாளருக்கு எழுதுதல்

தளத்தின் செய்திப்பெட்டி வழியாக மட்டும் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் சான்றாக நிற்காது. கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

“வணக்கம். தங்களிடம் வாங்கிய 1881 மோர்கன் டாலர் நேற்று வந்து சேர்ந்தது. பக்கத்தில் 90 சதவீத வெள்ளி, அசல் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எடை 24.1 கிராம் உள்ளது. இருக்க வேண்டியது 26.73 கிராம். காந்தத்திலும் ஒட்டுகிறது. படங்களும் வீடியோவும் இணைத்துள்ளேன். அனுப்பும் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். பொருளை வந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன்.”

இதில் குற்றச்சாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். பரம்பரையாக வந்த பெட்டியை விற்கும் ஒருவருக்கு அது போலி என்று தெரியாமலே இருந்திருக்கலாம், அப்படிப்பட்டவர்கள் மரியாதையான கடிதத்துக்கு உடனே பணம் அனுப்பியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மோசமான மதிப்பீடு போடுவேன் என்று மிரட்டுவதும் கூடாது. ஈபே அதை விதிமீறலாகக் கருதுகிறது.

ஆறாம் படி: பதில் வந்த பிறகு

பொருளை வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பணம் தருகிறேன் என்ற பதில் அடிக்கடி வரும். அசல் பொருள், சொல்லாத ஒரு சிறு குறை, அது நமக்குப் பொருட்டில்லை என்றால் ஏற்றுக்கொள்ளலாம். போலிக்கு இதை ஏற்காதீர்கள். பாதித் தொகையை வாங்கியதோடு பல இடங்களில் புகாரும் முடிந்ததாகிவிடும்.

திருப்பி அனுப்பச் சொன்னால், தளம் தரும் முகவரிக்கு மட்டும், டிராக்கிங் எண்ணோடும், விலையுயர்ந்த பொருளானால் காப்பீட்டோடும் அனுப்புங்கள். பொருளை உள்ளே வைத்துப் பெட்டியை ஒட்டுவதை வீடியோ எடுத்து, ஒட்டிய பெட்டியின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பெட்டி வந்தது என்று சொல்லப்படும்போது அந்த எடைதான் கைகொடுக்கும். புகாரை மூடுங்கள், பணம் அனுப்புகிறேன் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பேபாலில் மூடிய தகராறை மறுபடி திறக்க முடியாது.

சில நேரங்களில் பணமும் திரும்பி, போலியும் நம்மிடமே தங்கிவிடும். அதன் உறையில் போலி என்று அழியாத மையில் எழுதி, என்ன காரணத்தால் போலி என்பதையும் ஒரு சீட்டில் குறித்துச் சேகரிப்பிலிருந்து விலக்கி வையுங்கள். அந்தச் சீட்டில்லாமல் நமக்குப் பின் வருபவர் கையில் அது கிடைத்தால், அவர் அதை அசல் என்றே நம்பி விற்பனைக்கு வைப்பார்.