பழைய அமெரிக்க பகடிப் பாட்டை ரசிக்க எப்படி ஆரம்பிக்கணும்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஒரிஜினல் பாட்ட கேக்காம பகடிய கேக்காதீங்க, பாதி ருசி போயிடும். ஜானி ஹார்ட்டன் பாடின 'தி பேட்டில் ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' 1959ல பெரிய ஹிட், 1815ல நடந்த போரோட கதை. அத ரெண்டு மூணு தடவ கேட்டு மெட்டு மனசுல ஒட்டுனதும் ஹோமர் அண்ட் ஜெத்ரோங்கிற காமெடி ஜோடியோட 'தி பேட்டில் ஆஃப் கூகமாங்கா' போடுங்க, அதே மெட்டு, ஆனா படை போற எடத்துல ஸ்கவுட் பசங்க நடைபயணம் போவாங்க. இதுக்கு கிராமி அவார்டே கெடச்சுது.

அடுத்த தடவ வரிய விட்டுட்டு வாத்தியத்த மட்டும் கவனிங்க. ஜெத்ரோ மாண்டலின்ல ஜாஸ் வாசிக்கிற அளவுக்கு கைதேர்ந்த ஆளு, ஹோமர் கிட்டார்ல தாளத்த அப்படியே தாங்குவாரு. கிண்டல் பண்றவங்க வாசிக்கத் தெரியாதவங்கன்னு நெனைக்கிறது ரொம்பத் தப்பு, அசலா வாசிக்கத் தெரிஞ்சவனாலதான் இப்படி கலாய்க்க முடியும்.

அப்புறம் ஸ்பைக் ஜோன்ஸ், காமெடி இசைக்குழு நடத்தினவரு. அவரோட 'காக்டெயில்ஸ் ஃபார் டூ' அமைதியா, இனிமையா ஆரம்பிக்கும், சவுண்ட கொறைக்காம காத்திருங்க, திடீர்னு துப்பாக்கி, ஹாரன், விக்கல் எல்லாம் தாளம் தப்பாம வரும்.

குரல் வித்தை புடிக்கும்னா 1958ல வந்த 'விட்ச் டாக்டர்'. அத பாடின ராஸ் பக்தசாரியன் டேப்ப பாதி ஸ்பீடுல ஓடவிட்டு மெதுவா பாடி ரெக்கார்ட் பண்ணி, நார்மல் ஸ்பீடுல போட்டாரு, அதான் அந்த கீச்சுக் குரல். இப்ப எந்த ஆடியோ எடிட்டர்லயும் நீங்களே செஞ்சு பாக்கலாம், சொல்லு ஒவ்வொண்ணையும் இழுத்து தெளிவா பாடுங்க, இல்லன்னா ஒண்ணும் புரியாது.